பார்த்தவர் பேசாத அழைப்பு: பக்கவாதம் கண்ட ஒரு குடும்பத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வு கிருஷ்ணகிரி மாவட்டத்தில், மாந்தோப்புகளுக்கு நடுவே நாற்பது வீடுகள் வரை சிதறிக் கிடக்கும் ஒரு சிற்றூரில் நடந்தது. குடும்பத்தின் அடையாளம் வெளிப்படாதிருக்க ஊரின் பெயரையும் சில சிறு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். ஊரைப் 'புதூர்' என்று குறிப்பிடுகிறேன். உண்மையான பெயரும் அதைப் போலவே ஒரே வட்டத்தில் இரண்டு ஊர்களுக்கு இருக்கும் பெயர்தான், அந்த ஒற்றுமை இந்த நிகழ்வில் முக்கியமானது. கீழே வரும் நேரங்கள் யாருடைய நினைவிலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல. மூன்று கைபேசிகளின் அழைப்புப் பதிவுகளையும் மருத்துவமனைச் சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தொகுத்தவை.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீடுகளுக்குச் சென்று படுக்கையிலிருப்போரைக் கவனிக்கும் செவிலியராக நான் அந்தக் குடும்பத்துக்கு அறிமுகமானேன். பெரியவருக்கு வயது 66. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துவந்தவர். இரண்டு கறவை மாடுகளை வைத்துப் பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவந்தார். மனைவிக்கு வயது 60, எழுதப் படிக்கத் தெரியாது. மகன் பெங்களூரில் வேலை செய்கிறார், மகள் ஓசூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். வீட்டில் இருந்தது ஒரே ஒரு பொத்தான் கைபேசி. அதில் 2 என்ற பொத்தானை அழுத்திப் பிடித்தால் மகனுக்கு அழைப்பு போகும்படி மகனே செய்து வைத்திருந்தார்.

அந்த வீட்டில் 108 என்ற எண் தெரியாதவர் எவரும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் அந்தச் சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தெருவில் அந்த வண்டி போவதைப் பார்த்தவர்கள் அவர்கள். சுவரில் தொங்கிய நாள்காட்டியிலும் அந்த எண் அச்சாகியிருந்தது.

அன்று காலை நடந்தது

பெரியவர் 5 மணிக்குச் சற்று முன்னால் எழுந்து கொட்டகைக்குப் போனார். போகும்போது, சொசைட்டி அட்டையை எடுத்துவைக்கும்படி மனைவியிடம் தெளிவாகச் சொல்லிவிட்டே போனார். 5.20 அளவில் பால் வாளி உருளும் சத்தம் கேட்டு மனைவி ஓடிப்போய்ப் பார்த்தபோது, அவர் தரையில் சாய்ந்து கிடந்தார்; வலது கையும் காலும் அசையவில்லை, வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, பேச முயன்றும் சொல் வரவில்லை. மனைவி அவரைத் தூக்கி உட்காரவைக்கப் பார்த்து, முடியாமல், தண்ணீர் கொடுத்தார். தண்ணீர் கடைவாயில் வழிந்து புரையேறியது.

5.26க்கு அவர் பெங்களூரிலுள்ள மகனை அழைத்தார். மகன் எடுக்கவில்லை. இரண்டாவது முறையும் எடுக்கவில்லை. 5.31க்கு மகனே திரும்ப அழைத்து, மூன்று நிமிடம் பேசினார். 5.35க்கு மகன் பெங்களூரிலிருந்தபடியே 108ஐ அழைத்தார். எண் ஒன்றாக இருந்தாலும் இந்தச் சேவையை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக நடத்துகிறது. அழைப்பு எந்த மாநிலத்திலிருந்து புறப்படுகிறதோ அந்த மாநிலத்தின் மையத்துக்கே போய்ச் சேரும். ஆகவே அவருடைய அழைப்பு கர்நாடக மையத்துக்குப் போனது. நான்கு நிமிடம் விளக்கிப் பேசிய பிறகே, நோயாளி தமிழ்நாட்டில் இருப்பதால் அங்கிருக்கும் ஒருவர்தான் அழைக்க வேண்டும் என்பது அவருக்குப் புரிந்தது. படித்த, பொறுப்புள்ள, பதறாத மகன் அவர். இந்த ஒரு செய்தியை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அதன் பிறகு அவர் தங்கையை அழைத்தார், தங்கை சித்தப்பாவை அழைத்தார், 5.47க்குச் செய்தி பக்கத்துத் தோட்டத்துக்காரரை எட்டியது. நோயாளியின் வீட்டிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளியிருந்த தம் வாசலில் நின்றபடி அவர் 5.52க்கு 108ஐ அழைத்தார். அந்த அழைப்பு 1 நிமிடம் 10 விநாடி நீடித்தது. என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "பெரியவர் மயங்கி விழுந்துட்டாருங்க" என்றார். மூச்சு இருக்கிறதா, பேசுகிறாரா என்று கேட்டதற்கு, "நான் இன்னும் பார்க்கலைங்க" என்றார். வட்டத்தையும் ஊரையும் சொன்னார். அடையாளம் கேட்டபோது மாரியம்மன் கோயில் என்றார். உடனே அழைப்பைத் துண்டித்துவிட்டுக் கைபேசியை மின்னேற்றியில் செருகி வைத்து, உதவிக்கு ஓடினார். ஓடியதில் இருந்த அக்கறையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வண்டிக்கு அந்த வீட்டோடு இருந்த ஒரே தொடர்பு மின்னேற்றியில் தொங்கிக்கொண்டிருந்தது.

வண்டி, அதே வட்டத்தில் ஒன்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இன்னொரு புதூருக்குப் போனது. அங்கும் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. 6.04 முதல் 6.21 வரை ஓட்டுநர் அழைத்த மூன்று அழைப்புகளும் எடுக்கப்படவில்லை. 6.24க்குத் தோட்டத்துக்காரரின் மனைவி கைபேசியை எடுத்து வந்து கொடுத்த பிறகே வழி சொல்லப்பட்டது. 6.41க்கு வண்டி வாசலுக்கு வந்தது.

வண்டியில் ஏறியவர்கள் தோட்டத்துக்காரரும் அவருடைய தம்பியும். வீடு திறந்து கிடந்தது, மாடு பாதிக் கறவையில் நின்றது. பெண்பிள்ளை வந்து என்ன செய்யப் போகிறாள் என்று யாரோ சொல்ல, மனைவி வீட்டிலேயே நின்றுவிட்டார். வண்டியிலிருந்த மருத்துவ உதவியாளர் பக்கவாதம் என்று அடையாளம் கண்டு, சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கே நேராகக் கொண்டுபோனார். 7.35க்குச் சேர்ந்தார்கள், 8.10க்குள் ஸ்கேன் முடிந்தது. மூளையில் இரத்தக் கசிவு இல்லை, இரத்தக் குழாய் அடைப்பினால் வந்த பக்கவாதம் என்று தெரிந்தது.

மருத்துவமனையில் கேட்கப்பட்ட ஒரு கேள்வி

அடைப்பினால் வரும் பக்கவாதத்துக்கு, இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எப்போது தொடங்கியது என்று தெரியாதபோது, நோயாளி கடைசியாக நன்றாக இருந்ததை ஒருவர் கண்ட நேரத்திலிருந்தே கணக்கிடுவார்கள். காலம் கடந்து போட்டால் மூளையில் இரத்தம் கசியும் ஆபத்து நன்மையை மிஞ்சிவிடும் என்பதே காரணம். மருத்துவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். தோட்டத்துக்காரர் தமக்குத் தெரிந்ததை நேர்மையாகச் சொன்னார்: "ராத்திரி சாப்பிட்டுப் படுத்தாருங்க, காலையில பார்த்தா இப்படிக் கிடந்தாரு." சீட்டில், கடைசியாக நலமாகக் காணப்பட்டது முந்தைய இரவு 9 மணி என்று பதிவானது. அந்தக் கணக்கில் பதினொரு மணி நேரம் கடந்திருந்தது, ஊசி போடப்படவில்லை. கையிலிருந்த தகவலைக் கொண்டு மருத்துவர் எடுத்த முடிவு சரியானதே.

அந்த நேரத்தில் உண்மையாகக் கடந்திருந்தது மூன்று மணி நேரம். 5 மணிக்குப் பெரியவர் சொசைட்டி அட்டையைக் கேட்டதை அறிந்திருந்த ஒரே ஆள், கொட்டகையில் மாட்டைக் கறந்து முடித்துவிட்டு அழுதுகொண்டிருந்தார். மூன்றாம் நாள் வார்டில் கணவரைப் பார்க்கப் போனபோதுதான் அவர் அதைச் சொன்னார், அதுவும் யாரும் கேட்காமல், பேச்சோடு பேச்சாக. ஊசி போட்டிருந்தால் அவர் எழுந்து நடந்திருப்பார் என்று நான் சொல்ல முடியாது. அந்த ஊசி எல்லோருக்கும் பலன் தருவதில்லை, வேறு காரணங்களால் அது தவிர்க்கப்பட்டிருக்கவும் கூடும். ஆனால் அந்த வாய்ப்பு அவர் முன் வைக்கப்படாமலே போயிற்று.

ஒன்பதாம் நாள், வலப்பக்கச் செயலிழப்போடும் ஓரிரு சொற்களுக்கு மேல் பேச முடியாத நிலையிலும் அவர் வீடு திரும்பினார்.

வீட்டில் கண்டவை

மூன்றாம் வாரம் இயன்முறை மருத்துவருடனும் திட்டத்தின் தன்னார்வலருடனும் நான் அந்த வீட்டுக்குப் போனேன். படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பதையும் உணவூட்டும் முறையையும் சொல்லிக்கொடுக்கப் போனவள், அன்று பெரும்பகுதி நேரம் மனைவியின் பேச்சைக் கேட்பதிலேயே கழித்தேன். "நான் போன் போட்டா நம்புவாங்களாம்மா?" என்று அவர் கேட்டார். அவர் மனத்தில் இருந்தவை பலவாறானவை: அந்த எண்ணுக்கு அழைத்தால் கைபேசியில் பணம் குறையும், தவறாகச் சொன்னால் போலீஸ் வரும், படித்தவர்கள்தான் அவர்களிடம் பேச முடியும், மகனைக் கேட்காமல் வண்டி வரவழைத்தால் பிறகு பேச்சு வரும். அழைப்பும் கட்டணமில்லாதது, வண்டியும் கட்டணமில்லாதது என்று சொன்னபோது அவர் நம்பாமல் தன்னார்வலரின் முகத்தைப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டார்.

பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகு எனக்கு ஒன்று தெளிவாயிற்று. முதல் அழைப்பு போன 5.26 முதல் வண்டி வந்த 6.41 வரையிலான ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட காலத்தில், நோயாளியைக் கண்ணால் கண்டவர் உதவி மையத்தோடு ஒரு சொல்லும் பேசவில்லை. பேசியவர்கள் எவரும் நோயாளியைக் கண்டிருக்கவில்லை. மருத்துவமனையிலும் அதுவே திரும்ப நடந்தது. ஊர் மாறிப் போனதும் நேரம் தவறிப் பதிவானதும் இரண்டு தனித்தனிப் பிழைகளாகத் தோன்றினாலும், வேர் ஒன்றுதான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

எண்ணை அச்சிட்ட ஒட்டுத்தாளை ஒட்டுவது என்பதே முதலில் முன்வைக்கப்பட்ட யோசனை. அதை நான் ஏற்கவில்லை. எண் அந்தச் சுவரில் முன்பே இருந்தது. மகன், தொடுதிரைக் கைபேசி வாங்கித் தருவதாகச் சொன்னார். அறுபது வயதில் புதிய கருவியைப் பழகுவது பதற்றத்தில் இன்னொரு தடையாகும் என்று கருதி, இருக்கும் கைபேசியிலேயே பழக்குவதென முடிவு செய்தோம். அழைக்க வேண்டியவர் மனைவியே என்பதில் மட்டும் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. மகன் முதலில் தயங்கினார். அவர் பெங்களூரிலிருந்து அழைத்த அழைப்பு எங்கே போயிற்று என்பதை நினைவூட்டியபோது ஒப்புக்கொண்டார்.

எண்ணை எழுத்தாகச் சொல்லாமல் இடமாகச் சொல்லிக்கொடுத்தோம். மேல் வரிசையில் முதல் பொத்தான், கீழ் வரிசையில் நடுப் பொத்தான், அதற்கு நேர் மேலே இருக்கும் பொத்தான், பிறகு பச்சை. கைபேசியை அணைத்துவைத்து இருட்டில் தடவிப் பார்த்தும் பழகினார். நான்காம் நாள் தன்னார்வலர் போனபோது, அடுப்படியில் நின்றபடி பார்க்காமலே அழுத்திக் காட்டினாராம். பயிற்சிக்காக உண்மையான எண்ணுக்கு ஒருமுறையும் அழைக்கவில்லை. அந்த நேரத்தில் வேறொருவருக்கு அந்த இணைப்பு தேவைப்படலாம் என்று சொன்னபோது அவர் உடனே புரிந்துகொண்டார்.

முகவரிதான் எங்களை அதிகம் உழைக்க வைத்தது. "நம்ம ஊரு மேட்டு வீடு" என்பது அவருக்கு முழுமையான முகவரி. நாற்பது ஆண்டுகளாக அது போதுமானதாக இருந்திருக்கிறது. சென்னையில் அமர்ந்து அழைப்பை ஏற்பவருக்கு, மாவட்டம், வட்டம், ஊராட்சி, ஊர், அதன்பின் அடையாளம் என்று வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும். இரண்டு புதூர்களையும் பிரித்துக்காட்ட ஊராட்சியின் பெயர் போதுமானதாக இருந்தது. அன்று தோட்டத்துக்காரர் அதைச் சொல்லவில்லை, யாரும் சொல்வதில்லை. அடையாளமாகக் கோயிலை விட்டுவிட்டோம். எல்லா ஊரிலும் இருப்பது அடையாளமாகாது. பால் சொசைட்டிக் கட்டடத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

உருவாக்கிய வாக்கியம் சரியானதா என்பதை வீட்டுக்காரர்களிடம் கேட்டு அறிய முடியாது. அவர்களுக்கு எப்படிச் சொன்னாலும் வழி தெரியும். ஆகவே வேறு ஊரிலிருந்து வரும் பால் வண்டி ஓட்டுநர் ஒருவரிடம், அந்த வாக்கியத்தை மட்டும் சொல்லி வீட்டைக் கண்டுபிடிக்கக் கேட்டோம். சொசைட்டிக்கு எதிரே வழி இரண்டாகப் பிரியும் இடத்தில் அவர் தவறான பக்கம் திரும்பினார். 'டிரான்ஸ்பார்மர் இருக்கிற பக்கம்' என்ற சொற்களைச் சேர்த்த பிறகு, இன்னொரு ஓட்டுநர் எவரையும் கேட்காமல் வந்து சேர்ந்தார். என் அனுபவத்தில் இந்தச் சோதனைதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது. இதைச் செய்யாமல் எந்தக் குடும்பத்துக்கும் முகவரி எழுதிக்கொடுக்கக் கூடாது என்று இப்போது உறுதியாக எண்ணுகிறேன்.

மீதியை வேலைப் பகிர்வாகப் பேசி முடித்தோம். மறுமுனையில் இருப்பவர் வைக்கச் சொல்லும்வரை அழைப்பைத் துண்டிப்பதில்லை. வண்டி வரும்வரை அந்தக் கைபேசியிலிருந்து உறவினர் எவரையும் அழைப்பதில்லை. தோட்டத்துக்காரரின் மகன் டார்ச் விளக்கோடு பிரிவு வழியில் நிற்பது, மாடுகளையும் வீட்டையும் தோட்டத்துக்காரரின் மனைவி பார்த்துக்கொள்வது, கண்டவரே வண்டியில் ஏறுவது என்று முடிவாயிற்று. கடைசி ஏற்பாட்டுக்காகத்தான் அதற்கு முந்தையது தேவைப்பட்டது: மாட்டைப் பார்க்க ஆள் இல்லாமல் அவர் ஒருபோதும் வண்டியில் ஏற மாட்டார். மகனிடம், அருகாமை வரிசையில் மூன்று அண்டை வீட்டாரின் எண்கள் கொடுக்கப்பட்டன. நினைவு தவறியவருக்கும் வாய் கோணியவருக்கும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும் என்பதையும் செய்து காட்டினோம்.

நான் அழைப்பை ஏற்பவராகவும் அவர் அழைப்பவராகவும் நடித்து மூன்று முறை ஒத்திகை பார்த்தோம். முதல் முறை "ஐயோ, வீட்டுக்காரருக்கு…" என்று தொடங்கியவர் அன்றைய காலைக்கே போய்விட்டார். அழுது முடிக்கும்வரை நிறுத்திவைத்தோம். மூன்றாம் முறை, வாக்கியத்தை முழுமையாகச் சொல்லி, கேள்விகளுக்கு நிதானமாகப் பதில் சொன்னார்.

அதன் பின் நடந்தது

ஐந்து மாதங்கள் கழித்து, மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், பெரியவருக்கு வலிப்பு வந்தது. பக்கவாதத்தால் மூளையில் ஏற்பட்ட தழும்பு பின்னாளில் இப்படி வலிப்பைத் தூண்டுவதுண்டு. 7.40க்குத் தொடங்கியது, 7.42க்கு மனைவி 108ஐ அழைத்தார். மறுமுனையில் கேட்கப்பட்ட முதல் கேள்வி மழைச் சத்தத்தில் அவருக்குப் புரியவில்லை. பதறிச் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டார். 7.44க்கு மறுபடி அழைத்து, கேள்வியை எதிர்பார்க்காமல் தமது வாக்கியத்தைச் சொல்லத் தொடங்கினார். பிறகு கேட்டவற்றுக்கெல்லாம் விடை சொன்னார். எப்போது தொடங்கியது என்ற கேள்விக்கு, தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்த நிகழ்ச்சியை வைத்து நேரம் சொன்னார். அழைப்பு இரண்டரை நிமிடம் நீடித்தது. அதற்குள் வலிப்பு நின்றிருந்தது. ஒருக்களித்துப் படுக்கவைத்திருந்தார், தண்ணீர் கொடுக்கவில்லை.

ஓட்டுநரின் முதல் அழைப்பு கிடைக்கவில்லை, ஏனெனில் அந்த நிமிடத்தில் மகள் வழக்கமான நலம் விசாரிப்புக்காக அழைத்திருந்தார். இரண்டாவது அழைப்பு கிடைத்தது. பையன் டார்ச்சோடு பிரிவு வழியில் நின்றிருந்தான். 8.06க்கு வண்டி வந்தது. மனைவி வண்டியில் ஏறினார். மாத்திரைச் சீட்டு இரும்புப் பெட்டிக்குள் இருந்ததால் அதை எடுத்துப்போக மறந்துவிட்டார். பெரியவர் சாப்பிட்டுவந்த மருந்துகளை மருத்துவமனை மறுநாள் காலையில்தான் அறிய முடிந்தது. மூன்றாம் நாள், வலிப்புக்கான மாத்திரையோடு வீடு திரும்பினார்கள்.

மாற்ற வேண்டியவை

ஒத்திகையில் நான் மிகவும் மென்மையாகப் பேசினேன். அவருக்குப் பழகிய குரலில், அவருடைய ஊர்ப் பேச்சில், நேருக்கு நேர் உட்கார்ந்து கேட்டேன். உண்மையான அழைப்பில் குரல் அந்நியமானது, வேகமானது, முகம் தெரியாதது. அவர் முதல் அழைப்பைத் துண்டித்ததற்கு அந்த ஒத்திகையே காரணம் என்று நினைக்கிறேன். இப்போது வேறொரு ஒன்றியத்திலுள்ள சக செவிலியர் கைபேசியில் அழைத்து, அந்த அறையிலேயே வானொலி ஓடிக்கொண்டிருக்க, கேள்விகளைக் கேட்கிறார். புரியாவிட்டால் "மறுபடி சொல்லுங்க" என்று கேட்பதையும் ஒரு வாக்கியமாகவே பழக்குகிறோம். இந்தச் சொற்களைச் சொல்ல மரியாதைக் கூச்சம் பலரைத் தடுக்கிறது.

மாத்திரைச் சீட்டும் மருத்துவ அட்டையும் ஒரு துணிப்பையில், கதவுக்குப் பின்னாலுள்ள ஆணியில் தொங்க வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். வலிப்பின்போது செய்ய வேண்டியதை நாங்கள் தற்செயலாகத்தான் கற்பித்திருந்தோம்; பக்கவாதம் கண்ட எல்லாக் குடும்பத்துக்கும் அதை முறையாகவே கற்பிக்க வேண்டும். எல்லையோர ஊர்களில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: பக்கத்து மாநிலக் கோபுரத்தின் சிக்னலை வீட்டுக் கைபேசி பிடித்தால், அழைப்பும் அந்த மாநில மையத்துக்கே போய்விடலாம். அத்தகைய வீடுகளில், எந்த இடத்தில் நின்றால் நம் மாநிலச் சிக்னல் கிடைக்கிறது என்பதையும் நடந்து பார்த்துக் குறித்துக்கொடுக்கிறோம்.

இந்தக் குடும்பத்தில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பால் சொசைட்டியை அடுத்த மாதம் பேருந்து நிறுத்தத்துக்கு அருகே கட்டியுள்ள புதிய கட்டடத்துக்கு மாற்றுகிறார்கள் என்று தன்னார்வலர் சொன்னார். மாறிய பிறகு மனைவியின் வாக்கியம் வண்டியை அரைக் கிலோமீட்டர் முன்பே நிறுத்திவிடும். மாற்றுவதற்கு முந்தைய வாரம் புதிய வாக்கியத்தோடு, வழி தெரியாத ஓர் ஓட்டுநரையும் அழைத்துக்கொண்டு போக நாள் குறித்திருக்கிறோம்.